தையல்காரம்மா ஏறிய ஸ்டூல்

தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர். லாரி ஓட்டிய காலத்தில் அவர் போட்ட சத்தத்துக்கு ஹாரனே தேவைப்படவில்லை. வலது பக்கம் வாதம் அடித்தபின், ஒரு குவளைத் தண்ணீரைத் தலைக்குமேல் தூக்கக்கூட அந்தக் கைக்குத் தெம்பில்லை. இடது கையோ குளியலறையில் விழாமலிருக்கச் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொள்ளத்தான் சரியாக இருந்தது. அதனால் தினமும் மகன் வேலைக்குப் போகிற வழியில் வந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றுவான். ஊற்றும்போது சுவரைப் பார்த்துக்கொள்வான். அப்பா தரையைப் பார்த்துக்கொள்வார். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை கிடையாது. டிரைவருக்கு வெட்கத்தில் உயிரே போகும்.

ஷவர் என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. உப்புப் பூத்து, பல வருஷமாகச் சும்மா தொங்கியது. பிளம்பரைக் கூப்பிட்டால், "இதோ வந்துட்டேன்" என்பார். அந்த 'இதோ' இன்னும் வழியிலேயே இருக்கிறது. பொறுத்துப் பார்த்த அவர் மனைவி தையல்காரம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு ஸ்டூலில் ஏறிவிட்டாள்.

"இறங்குடி! சுவத்துக்குள்ள குழாய் முறிஞ்சா அவ்வளவுதான், இருக்கிற தண்ணியும் போயிடும்!" குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டிரைவர் குழறலாகக் கத்தினார்.

"வால்வை மூடிட்டேன். நீங்களும் வாயை மூடுங்க."

மூட்டில் துணியைச் சுற்றி, ஸ்பேனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள். சுவருக்குள் என்னவோ முனகியது. டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது, வளைந்த குழாய் முழுசாக அவள் கையில் இருந்தது.

ஷவரின் பூத்தலையை வினிகரில் ஊறப்போட்டு, காஜா எடுக்கும் பொறுமையோடு ஒவ்வொரு துளையாக ஊசியால் குத்தினாள். முரண்டு பிடித்த குமிழுக்கு வாஷர் மாற்றினாள். பிறகு, குழாயின் மரையில் வெள்ளை டேப்பை அழகாகச் சுற்றி மாட்டி, வால்வைத் திறந்தாள். மூட்டிலிருந்து பீய்ச்சியடித்து முகமெல்லாம் தண்ணீர். கழற்றி மறுபடி சுற்றினாள். மறுபடி அதே அபிஷேகம்.

டிரைவருக்குப் பிடிபட்டுவிட்டது. "பாபின்ல நூல் சுத்துற பக்கமாவே சுத்துற. திருகத் திருக டேப் பிரிஞ்சுக்குது. எதிர்ப்பக்கம் சுத்து."

"தெரியாமலா? கை கேக்க மாட்டேங்குதே!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுக்கையில் விழுந்தபின் வந்த முதல் சிரிப்பு. இடது கையை நீட்டி டேப்பை அவர் பிடித்துக்கொள்ள, அவள் குழாயை உருட்டினாள். சரியான பக்கமாகச் சுற்றிக்கொண்டது.

இந்த முறை ஒரு சொட்டு கசியவில்லை. அவள் நகர்ந்து நின்று, "நீங்களே திறங்க" என்றாள். இடது கையால் குமிழைத் திருகினார். அத்தனை துளையிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

டிரைவர் மலைத்துப்போனார். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பவள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தார். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு நிற்கும் இந்தப் பெண்பிள்ளை யார்?

"தாழ் போடாதீங்க. சும்மா சாத்திக்கோங்க" என்றாள்.

கம்பியைப் பிடித்தபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது. ஊற்றுவதற்கு யாரும் இல்லை. அந்த அதிசயத்தை நம்ப முடியாமல், சோப்பை மறந்து அப்படியே நின்றார்.

தலை துவட்டியதும் முதல் வேலையாக மகனுக்குப் போன் போடச் சொன்னார்.

"நாளைக்குத் தண்ணி ஊத்த வர வேணாம்பா."

"ஏம்பா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மா வா. வந்து என்கூட உக்காந்து பேசிட்டுப் போ."