சூடம் ஏற்றாமல் போன பூஜை

பிள்ளைகளே, நான் விளாங்குடியில் கார் மெக்கானிக். படிப்பு எட்டாவதோடு சரி. ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். அதன் எஞ்சின் வீணாகிப் போயிருந்ததால் வேறு எஞ்சின் மாட்ட முடிவு செய்தேன்.

அன்று காலை பழைய எஞ்சினைக் கழற்ற ஆரம்பித்தேன். பெட்ரோல் குழாயைப் பிரித்த பிறகுதான், இன்னும் பூஜை போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. உடனே காருக்கு முன்னால் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தேன்.

"யப்பா, உரசாதீங்க! பெட்ரோல் வாடை அடிக்குது!" என்று கத்தினாள், ஏழாவது படிக்கும் என் மகள் தேன்மொழி.

"ஷெட்டுல பெட்ரோல் வாடை அடிக்காம மல்லிகைப்பூ வாடையா அடிக்கும்?" என்று சிரித்தேன்.

அவள் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "கீழ குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். குழாயிலிருந்து சொட்டிய பெட்ரோல் காருக்கு அடியில் குளமாகத் தேங்கி நின்றது. வைத்த சூடத்தைச் சட்டென்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"இம்புட்டு வருசம் வேலை பாத்தும் எனக்குத் தெரியலையே தாயி!"

"நீங்க சாமியத்தான பாத்தீங்க!"

இப்போதெல்லாம் வேலை தொடங்கும் முன்பே பெட்ரோலை வடித்துவிடுகிறேன். சூடம் ஏற்றுவது தெருவாசலில்தான். அதுவும் தேன்மொழி குனிந்து பார்த்து, "ம், கொளுத்துங்க" என்று சொன்ன பிறகுதான். பார்ப்பவர்கள் சிரித்தால், "எம்மக ஆர்டர்ண்ணே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.