பஸ் மறைத்த காற்று

வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வந்துகொண்டிருந்தோம். மகள் கார் ஓட்டினாள், நான் பக்கத்தில், அவள் அம்மா பூங்கொடி பின்னால். ஆடிக்காற்று வலப்பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு பிரைவேட் பஸ் ஆரன் அடித்தபடி எங்களைத் தாண்டியது. கார் ஒரு குலுங்கு குலுங்கியது. சூடான டீசல் நெடி உள்ளே வந்தது.

"காத்து என்னமா இழுக்குது பாத்தீங்ளாப்பா!" என்று மகள் ஸ்டியரிங்கை நேராக்கிச் சிரித்தாள். பூங்கொடி சிரிக்கவில்லை. எனக்கோ, உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த நெடி வந்தால் இன்னும் முதுகு கூசும்.

மலை விட்டுக்கொடுத்திருக்கும் இடைவெளி வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து நுழைகிற காற்றுக்கு எங்கள் பக்கம் மறைப்பே கிடையாது. காயப்போட்ட வேட்டி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். அப்படி வேட்டியைத் தேடிப்போன இடத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தவன் நான் என்று என் சித்தப்பா அளந்துவிடுவார். நம்பாதீர்கள், எனக்குப் பெண் பார்த்தது தரகர்தான்.

அந்தக் காற்றில் வண்டி ஓட்ட எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. காற்று வரும் பக்கமாக உடம்பைச் சாய்த்து, தோளால் அதைத் தாங்கிக்கொண்டே போவோம். சைக்கிளில் சோளத்தட்டுக் கட்டு கொண்டுபோகிறவர், மொபெட்டில் பால் கேன் கொண்டுபோகிறவர் எல்லோரும் ஆடி மாதம் முழுக்க மேற்கே சாய்ந்துதான் போவார்கள். பொள்ளாச்சியில் நான் வேலை பார்த்த உரக்கடையில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். காற்றில்லாத சந்துக்குள்ளும் பழக்கதோஷத்தில் சாய்ந்தே ஓட்டுவேனாம்.

மகள் பிறந்தபின் வந்த முதல் ஆடி நோம்பிக்கு வேலந்தாவளம் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். எட்டு மாதக் குழந்தை. மொபெட்டும் புதுசு. விருந்து முடிந்து கிளம்பும்போது மாமனார் வாசல் வரை வந்தார்.

"காத்து ஒரேயடியா அடிக்குதுங்க மாப்ள. வண்டியை இங்கியே உட்டுட்டு, பஸ்ஸுல போயிருங்க."

"நாம பாக்காத காத்துங்ளா மாமா!" என்றேன். அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன அந்தத் தோரணையை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பாதி வழியில் பின்னாலிருந்து பஸ் வந்தது. ரோடு அப்போது ஒரு பஸ்ஸும் ஒரு வண்டியும் ஒட்டிப்போகிற அகலம்தான். பஸ்ஸின் மூஞ்சி முதலில் காற்றை எங்கள்மேல் தள்ளியது. நான் விடுவேனா, இன்னும் வலப்பக்கம் சாய்ந்தேன். அடுத்த கணம் பஸ்ஸின் உடம்பு சுவராக வந்து மேற்குக் காற்றை அடைத்துவிட்டது. சாய்ந்துகொள்ளக் காற்று இல்லை. போதாததற்கு, பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த சந்தில் காற்று வேகமெடுத்து எங்களை உள்ளே இழுத்தது. மொபெட் நேராகப் பஸ்ஸின் பின்சக்கரத்தைப் பார்த்துப் போனது. நான் ஹேண்டிலைத் திருப்புகிறேன், அது கேட்கவில்லை.

"ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தின பூங்கொடி, குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி உடம்பை அப்படியே இடப்பக்கம் சரித்தாள். அவள் பாரம் வண்டியை இந்தப் பக்கம் இழுத்தது. அதற்குள் பஸ்ஸின் வால் தாண்ட, மறைந்திருந்த காற்று மொத்தமாகத் திரும்பி வந்து எங்களைத் தூக்கி ரோட்டோரக் காட்டில் போட்டது. நிலக்கடலை விதைக்க உழுதுபோட்டிருந்த காடு. எங்கே பார்த்தாலும் புழுதி.

நான் எழுந்தேன். பூங்கொடி எழவில்லை, குழந்தைமேல் குனிந்தபடி இருந்தாள். குழந்தையிடமிருந்து சத்தமே இல்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் ஓடிவந்தார்.

"குட்டிக்கு ஒண்ணுமில்லீங்ளே?"

அப்போது குழந்தை ஒரு தும்மல் போட்டது. மூக்கில் புழுதி ஏறியதற்கு இன்னொரு தும்மல். பிறகு ஊரே கேட்கிறமாதிரி அழ ஆரம்பித்தது. அப்பாடா! பூங்கொடி சிரித்துக்கொண்டே அழுதாள். கண்டக்டர் வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையின் அழுகை அவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப்பிறகு பின்னால் ஆரன் கேட்டாலே நான் ஓரங்கட்டி, காலை ஊன்றி, பஸ் போனபிறகுதான் கிளம்புவேன். உரக்கடையில் அதற்கும் கேலிதான். ஆனால் நான் தனியாகப் போகிற நாட்களில் ஓரங்கட்டுகிறேனா என்று பூங்கொடிக்கு எப்படித் தெரியும்? ஆடி வந்தால் சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டுத் தோட்டத்துப் படலருகே வந்து நின்றுவிடுவாள். காற்று இரைச்சலில் என் மொபெட் சத்தத்தைப் பிரித்தெடுத்துக் கேட்டபிறகுதான் மறுபடி அடுப்புப் பற்றும். பல வருஷம் அப்படித்தான்.

மொபெட்டைக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று. ரோட்டை இரண்டு பங்கு அகலமாக்கிவிட்டார்கள். படல் இருந்த இடத்தில் இரும்பு கேட். நேற்றும் காற்று பேயாக அடித்தது. நான் பொள்ளாச்சியிலிருந்து திரும்பி, சட்டையைக் கழற்றி மாட்டி, தண்ணீரும் குடித்துவிட்டேன். பூங்கொடி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"ஏனுங்க, எப்ப வந்தீங்க?"