லேமினேட் செய்த கிரிக்கெட் கார்டுகள்

நான் கீழ்வேளூரில் தனியாக இருக்கிறேன். கணவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒரே மகன் அருள் கனடாவில் வேலை செய்கிறான். ஞாயிறு பூசை முடிந்து நான் வீடு திரும்பியதும் அழைத்து ஐந்து நிமிடம் பேசுவான்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, பள்ளி நாட்களில் அவன் சேர்த்த கிரிக்கெட் கார்டுகள் கிடைத்தன. பழைய கார்டுகளுக்கு இப்போது நல்ல மதிப்பு என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். மழைக்கால ஈரத்தில் வீணாகிவிடக் கூடாதென்று ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் அத்தனையையும் லேமினேட் செய்தேன். பெருமையாகப் படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டே நிமிடத்தில் அழைத்தான்.

“லேமினேட் பண்ணிட்டியாம்மா? பழைய கார்டு அப்படியே இருந்தாத்தான் மதிப்பு. இனிமே யாரும் வாங்க மாட்டாங்க.”

“புதுசா வாங்கி வச்சுக்கலாமாப்பா?”

“புதுசெல்லாம் லட்சக்கணக்குல அடிச்சுத் தள்றாங்க. பின்னாடி அதுக்கு மதிப்பு இருக்குமான்னு யாருக்குத் தெரியும்? இந்தப் பழசுதான் மதிப்பா நின்னிருக்கும். சரி, விடு.”

எனக்கு அழுகை வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது நான் அனுப்பிய செய்திக்கு அவன் மறுநாள்தான் பதில் போட்டான் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அவனுடைய பொருள் எதையும் நான் கேட்காமல் தொடுவதில்லை. முதலில் படம் அனுப்பி, என்ன செய்யலாம் என்று கேட்கிறேன். உடனே அழைத்துவிடுகிறான். பரணில் அவனுடைய பெட்டிகள் இன்னும் மூன்று இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிப்பதில்லை. வாரத்துக்கு ஒரு பொருள்தான் வெளியே எடுக்கிறேன்.