எனக்கும் ஒரு எக்கோ

அக்காவின் இதயத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது ஆறாம் வகுப்பில், சமூக அறிவியல் பாடவேளையில். ஆனி மாதத்து வியாழக்கிழமை அது. உள்ளங்கை அகலத்தில் வழவழப்பான ஒரு தாள். கறுப்புப் பின்னணியில் விரித்த விசிறி போல ஒரு சாம்பல் நிற வடிவம், அதற்குள் இரண்டு மூன்று வெள்ளைக் கோடுகள். மேல் ஓரத்தில் அக்காவின் பெயர், வயது, தேதி, நேரம். நேரம் என்றால் மணியும் நிமிடமும் மட்டுமல்ல, வினாடி வரைக்கும் இருந்தது.

இரண்டு நாள் முன்பு மதுரையில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தபோது அக்காவுக்குக் கிடைத்த படம். எனக்குக் காட்டாமல் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து இதயத்தின் அறைகளை விளக்கியிருக்கிறார். பிறகு அது வகுப்பு வகுப்பாக இறங்கி எங்களிடம் வந்து சேர்ந்தது.

"உங்க அக்கா நெஞ்சாம்ல, பாத்தியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"முந்தாநாளே பாத்தாச்சு" என்றேன்.

எனக்கும் இதயம் இருந்தது. அது எந்த வினாடியில் எப்படி இருந்ததென்று உலகத்தில் ஒருவரும் குறித்து வைக்கவில்லை. அன்று மதியம் நடத்திய பாடம் எதுவும் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

அக்காவின் நோயை இங்கே சொல்லிவிட வேண்டும். எட்டு வயதில் அவளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பின்னாலேயே மூட்டுகள் வீங்கின. வளரும் பிள்ளைக்கு வருகிற வலி என்று விட்டுவிட்டார்கள். பன்னிரண்டாம் வயதில் மறுபடி வந்தபோதுதான் அருப்புக்கோட்டை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வைப் பிடித்திருக்கிறது என்றார். எந்த மூட்டு எந்த நாளில் வலித்தது என்று அவர் கேட்டதற்கு அம்மா, "பொங்கலு வச்சதுக்கு முன்ன... இல்ல சார், பின்ன" என்று திணறினாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற நான் ஒப்பித்தேன். ஞாயிறும் திங்களும் வலது முழங்கால். செவ்வாய் இடது கணுக்கால். புதன் ஒன்றுமில்லை. வியாழன் வலது முழங்கை. டாக்டர் சிரித்து, இந்தப் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள் என்றார். அன்று முதல் நோட்டு என் பொறுப்பு; ஒப்பித்ததை அதன் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை அக்காவுக்கு இடுப்பில் போடவேண்டிய ஊசியின் தேதியையும் நான்தான் நாள்காட்டியில் எண்ணிக் குறிப்பேன்.

குறிப்பது நான், போவது அவள். ஊசி நாளன்று அவளுக்குப் பள்ளி கிடையாது. அம்மாவோடு வீரசோழனிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அருப்புக்கோட்டை போவாள். ஊசி போட்ட இடம் கடுக்கும் என்பதால் ஒரு பால்பன். அதில் பாதியை எனக்குக் கொண்டுவருவாள். பாதி என்பது மீதி என்றுதான் எனக்குப் பட்டது.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர். எங்கள் தெருக் குழாயில் ஒன்றுவிட்டு ஒரு நாள் வரும். வந்தால் ஐந்து குடம் பிடித்துவிட வேண்டும். அக்கா தூக்கக்கூடாது. "அவளுக்கு மூச்சு வாங்கும்த்தா, நீ போ" என்பாள் அம்மா. நான் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வரும்போது அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, "ஏய், தளும்புது பாரு" என்பாள். அவளுடைய நோய் பாதி நடிப்பு என்று நான் முடிவு செய்திருந்தேன். மூச்சு வாங்குவதெல்லாம் யாருக்கும் வரும்.

ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு எனக்கு வலது முழங்கால் வலித்தது. திங்களும் வலித்தது. செவ்வாய்க்கிழமை வலி இடது கணுக்காலுக்கு இறங்கியது. புதன்கிழமை விடுமுறை. வியாழன் வலது முழங்கை. அக்காவின் பக்கத்தைப் பார்த்து நாள் தவறாமல் வலித்தேன். வலித்ததை அடுத்த பக்கத்தில் என் பெயர் போட்டு எழுதியும் வைத்தேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே பொய்க் குறிப்பு அந்தப் பக்கம்தான்.

"எந்த முட்டி?" என்று கேட்டாள் அக்கா.

"வலது."

"ரெண்டு நாளா எடதுல்ல நொண்டுன?"

"வலதுதான். எழுதி வச்சிருக்கேன்."



அப்பா விறகைப் புகைய விட்டுக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறவர். சாயங்காலம் வந்தவரிடம் அம்மா விஷயத்தைச் சொன்னதும், கரி அப்பிய கைகளை என் மேல் படாமல் மடக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பேத்துக்குமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து என் முழங்கையை அமுக்கினார். சரியான இடத்தில் முகத்தைச் சுளித்தேன். அன்றைக்கு அவர் தட்டில் சோறு பாதி அப்படியே இருந்தது. மூட்டத்துப் புகை குடித்தால் பசிக்காது என்று அவரே சொல்லியிருப்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

எனக்குக் குடம் தூக்கும் வேலை நின்றது. ஐந்தையும் அம்மாவே தூக்கினாள். ஒருநாள் அம்மா பின்பக்கம் போயிருந்த நேரம், அக்கா அரைக் குடம் தண்ணீரை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வாசல்வரை வந்தவள் குடத்தை இறக்கிவிட்டு, சுவரில் கை ஊன்றி, வாய் திறந்தபடி வெகுநேரம் நின்றாள். உதடு வெளுத்திருந்தது. பாயில் படுத்துக்கொண்டு பார்த்த நான், இவளைவிட நான் நன்றாகச் செய்கிறேன் என்று நினைத்தேன்.

ஆவணி முதல் செவ்வாய் அக்காவை மறுபடி மதுரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சின்னவளையும் சேர்த்துக் காட்டிவிடுவது என்று முடிவாயிற்று. பஸ்ஸில் நோயாளிகள் இருவர், ஜன்னல் ஒன்று. 

"காரியாபட்டி வரைக்கும் அவ. அங்கிட்டு நீ. ரெண்டு பேரும் வாயத் தெறந்தா நடுவுல நான் ஒக்காந்துக்குவேன்" என்றாள் அம்மா. அன்று அவள் குரலில் சண்டை போடுகிற தெம்பு இல்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எக்கோ அறை குளிராகவும் இருட்டாகவும் இருந்தது. கண்ணாடி போட்ட டாக்டரம்மா அக்காவை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல்லைத் தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்து அழுத்தினார். திரையில் விசிறி விரிந்தது. தாளில் அசையாமல் இருந்தது இங்கே துடித்தது. ஒரு பொத்தானைத் தட்டியதும் அதற்குள் சிவப்பும் நீலமும் பாய்ந்தன. இன்னொன்றைத் தட்டியதும் காற்று சந்துக்குள் நுழைவது போல ஒரு சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இத்தனையும் அவளுக்கு நடந்தது. நான் சுவரோரம் என் முறைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா வெகுநேரம் அளந்தார். பிறகு அம்மாவிடம், வால்வு ஒட்டிச் சுருங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் அதிகம் தடிக்கவில்லை, கசிவும் பெரிதாக இல்லை, நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாய் விட்டு பலூனால் விரித்துவிடலாம் என்றார். வீட்டில் பேசி முடிவு சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னார்.

அம்மா தலையை ஆட்டினாள். "புள்ள நெஞ்சுக்குள்ள பலூனா? மருந்து மாத்திரையிலயே பாக்க ஏலாதாம்மா?" என்றாள். அக்காவுக்குப் போன வருடமே இதைச் சொல்லியிருந்தார்கள் என்பதும், வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தது அம்மாதான் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து நான். டாக்டரம்மா நோட்டை வாங்கி இரண்டு பக்கங்களையும் பார்த்தார். முதல் பக்கம், அடுத்த பக்கம், மறுபடி முதல் பக்கம். குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி, "ரெண்டு பேருக்கும் ஒரே டைம்டேபிளா?" என்றார். 

நான் திரையைப் பார்த்தேன். 

"நெசமா வலிச்சதா?"

"எழுதியிருக்கே டாக்டர்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள், பார்த்துவிடுவது நல்லதுதான் என்று சொல்லி என்னைப் படுக்கச் சொன்னார்.

ஜெல் ஐஸாக இருந்தது. திரையில் என் விசிறி விரிந்தது. அதற்குள் மெல்லிய ஒரு வெள்ளை இழை, சுவர் வரை வீசிப் போய் அறைந்துவிட்டுத் திரும்பியது. திரும்பத் திரும்ப, ஒரு சிரமமும் இல்லாமல். என்னைக் கேட்காமலே உள்ளே இவ்வளவு வேலை நடப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டரம்மா திரையை அம்மா பக்கம் திருப்பினார். "இங்க பாருங்கம்மா. இது சின்னவளோட வால்வு. கதவு எப்படி முழுசா திறக்குது பாத்தீங்களா? இப்ப பெரியவளோடத பாருங்க." பதிவாகியிருந்த அக்காவின் படத்தை ஓட்டினார். அதே இடத்தில் அந்த இழை நுனியில் ஒட்டிக்கொண்டு, நடுவில் மட்டும் வளைந்து முட்டி முட்டி நின்றது. "இந்தப் பிள்ளை இவ்வளவு சந்து வழியாத்தான் ரத்தத்தத் தள்ளிக்கிட்டு இருக்கா. தண்ணிக் குடம் தூக்கலன்னு திட்டாதீங்க."

"நான் தூக்கவே விடலம்மா" என்றாள் அம்மா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "தேதி குடுங்கம்மா, அவுக அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுறேன்" என்றாள்.

டாக்டரம்மா கருவியை எடுக்கப்போனபோது அக்கா பேசினாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "டாக்டர், இவளோடத இன்னொருக்க காட்டுவீங்களா?"

அவர் மறுபடி வைத்தார். அக்கா திரைக்கு மிக அருகில் போய் நின்று பார்த்தாள். என் முறையிலும் வந்து பங்கு கேட்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

முடிந்ததும் என் படத்தைக் கேட்டேன். "நல்லா இருக்கிற இதயத்துக்குப் படம் எதுக்கும்மா?" என்று டாக்டரம்மா ஜெல்லைத் துடைக்கத் துணியைக் கொடுத்தார். அப்போது அழ ஆரம்பித்த நான் ஆஸ்பத்திரி வாசல் வரை நிறுத்தவில்லை. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அம்மாவும் கூட அழுதாள்.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை அக்காவுக்கு அந்த வால்வை விரித்துவிட்டார்கள். இப்போது பாலவனத்தத்தில் இருக்கிறாள். வருடம் ஒருமுறை எக்கோ பார்த்துக்கொள்கிறாள்; அந்தத் தேதியை இன்றும் நான்தான் நினைவுபடுத்துகிறேன். இரண்டு மாடி ஏறியபடியே போனில் பேசுவாள், பேச்சு எங்கும் அறுபடாது.

ஆவணிச் செவ்வாய்க்கிழமையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா முன் இருக்கையில் தூங்கிப்போனாள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்குறிச்சி தாண்டியதும் எதுவும் சொல்லாமல் கையை நீட்டி, என் சட்டைக்கு மேல் இடது பக்கத்தில், ஜெல் காய்ந்து பிசுபிசுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அழுத்தவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, எண்ணுகிறவள் போல இருந்தாள்.

என்னுடையதென்று அன்றைக்கு எனக்கிருந்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று அவள் கையைத் தட்டிவிட்டேன்.