மூன்றாவது மீட்டர்

என் பழைய காரை அடிக்கடி இரவல் கேட்கும் மனைவியின் அண்ணனிடம் இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்ஜினைக் கண்காணிக்க ஒயில் அழுத்தத்துக்கும் தண்ணீர்ச் சூட்டுக்கும் இரண்டு மீட்டர்கள் பூட்டியபோது, பக்கத்தில் பழுதான மூன்றாவது மீட்டர் ஒன்றையும் சேர்த்துப் பூட்டினேன். அதன் முள் சிவப்பிலேயே இறுகிக் கிடந்தது.

"இது சிவப்புல நிக்கிறவரைக்கும் பழகாத கை ஓட்டக்கூடாது, மச்சான். இன்ஜின் போயிரும்."

ஆறு மாதமாக மச்சான் இரத்தோட்டைக்கு பஸ்ஸில்தான் போனார்.

ஒருநாள் அவரையும் ஏற்றிக்கொண்டு அலுவிகாரைக்குப் போனேன். வழியில் சோதனைச் சாவடி. அந்த யுத்த நாட்களில் காருக்குள் புது வயர் தெரிந்தால் குண்டு என்றுதான் நினைப்பார்கள். சிப்பாய் குனிந்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூன்றாவது மீட்டரைத் தட்டி, "இதுக்கு வயர் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மச்சானுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். ஆனால் துப்பாக்கி சிப்பாயிடம் இருந்தது. உண்மையைச் சொன்னேன்.

சிப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, போகச் சொன்னார். வீடு திரும்பிக் காரை நிறுத்தியதும் மச்சான் சாவிக்குக் கை நீட்டினார்.

"நாளைக்கு இரத்தோட்டைக்குப் போறேன். அது பாட்டுக்குச் சிவப்புலயே நிக்கட்டும்."