கூப்பிடாமல் வரும் நாள்

சுன்சிட்சாவுக்கு முப்பத்தாறு வயது. ஊர் மருத்துவமனையில் தடுப்பூசி நர்ஸ். தெற்கு செர்பியாவில் இருக்கிற அந்தச் சிறிய ஊரில் பாதிப் பேர் செர்பியர்கள், மீதிப் பேர் அல்பேனியர்கள். நடுவில் ஓடுவதை ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு கரைக் குழந்தைகளுக்கும் ஒரே ஊசியைத்தான் அவள் போட்டு வந்தாள். அதைத் தாண்டி அந்தக் கரையில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஊரே அப்படித்தான்.

போன வருடம் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை, நாளைய தலைவர்களை உருவாக்குகிறோம், இனங்களுக்கு நடுவே புரிதலை வளர்க்கிறோம் என்று விளம்பரம் செய்தது. பால்கன் நாடுகளிலிருந்து பன்னிரண்டு பேருக்கு அயர்லாந்தில் ஆறு வாரப் பயிற்சி. சுன்சிட்சா தலைவியாக ஆசைப்பட்டவள் அல்ல. ஊசிக்கு வராத தாய்மார்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கலாம் என்று அவள் எழுதிக் கொடுத்த திட்டத்தை மருத்துவமனையில் மூன்று வருடமாக யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கடுப்பில் அதையே விண்ணப்பத்தோடு அனுப்பினாள். தேர்வாகிவிட்டாள்.

டப்ளின் விமான நிலையத்தில் பெயர் அட்டையோடு அவள் பக்கத்தில் நின்றவன் லுல்சிம். அல்பேனியன், பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எந்த ஊர் என்று கேட்டால், அவள் ஊர்தான். பாலத்தைத் தாண்டி மூன்றாவது தெரு.

"பத்து நிமிஷ நடை. அதுக்கு ரெண்டு ஃபிளைட் மாறி வந்து பார்த்துக்கிறோம்," என்றான் அவன்.

"நான் நடந்தே வந்திருப்பேன். உங்க தெரு நாய்தான் விடாது," என்றாள் அவள்.

அப்படி ஆரம்பித்த சிநேகம் ஆறு வாரமும் கேலியும் கிண்டலுமாக ஓடியது. ஒரு மாலை, அவரவர் ஊர் வழக்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுன்சிட்சா எழுந்து ஸ்லாவாவைப் பற்றிப் பேசினாள்.

"அது எங்க வீட்டைக் காக்கிற புனிதரோட நாள். அன்னைக்கு நாங்க யாரையும் கூப்பிட மாட்டோம். வர்றவங்க தானா வருவாங்க. எதிரியே வந்து நின்னாலும் உட்கார வெச்சு சாப்பாடு போடணும்."

நம் வழக்கத்தை வெளியாள் முன்னால் சொல்லும்போது கொஞ்சம் மெருகு கூடித்தான் வரும். எல்லாரும் கை தட்டினார்கள். லுல்சிம் தட்டவில்லை. உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி நாள் எடுத்த படத்தில் இருவரும் தோளோடு தோள் நின்று சான்றிதழைப் பிடித்திருந்தார்கள். அவள் ஊர் திரும்புவதற்குள் படம் உள்ளூர்ச் செய்தித் தளத்தில் வந்துவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. காபிக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரி வருவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். ரொட்டிக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. தாய்மாமா திஹோமிர் மட்டும் நேராகவே கேட்டார்.

"அயர்லாந்து வரைக்கும் போயி நம்ம பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளைக் கண்டுபிடிச்சியாம்மா? எங்கிட்ட கேட்டிருந்தா ஜன்னல்லேருந்தே காட்டியிருப்பேனே."

அம்மா ஸ்டாமென்கா சிரிக்கவில்லை. அவள் பயம் வேறு. நவம்பர் எட்டாம் தேதி ஸ்லாவா வருகிறது. கணவர் செத்து நான்கு வருடமாகியும் அன்றைக்கு வீடு நிறைந்துதான் இருந்தது. செர்பிய வீட்டில் அன்று மேஜை காலியாகக் கிடந்தால், அந்த வீட்டை ஊர் கை கழுவிவிட்டது என்று அர்த்தம்.

"எவனோட வேணும்னாலும் படம் எடுத்துக்கோ, எனக்கென்ன. ஆனா அன்னைக்கு இந்த நாற்காலியில ஆள் உட்காரலைன்னா நான் இந்தத் தெருவுல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?"

சுன்சிட்சாவுக்கு அன்றிலிருந்து தூக்கமே இல்லை.

அந்த நாள் வந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டி சுட்டு, வேகவைத்த கோதுமையில் வால்நட் தூவி வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மதியம் இரண்டு மணி வரை வாசல் மணி அடிக்கவில்லை. பிறகு திஹோமிர் மாமா மனைவியோடு வந்தார். அவர் வந்ததைப் பார்த்து, அப்பாவோடு வேலை பார்த்த இருவர் வந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். இரண்டு சுற்று ராக்கியா சாராயம் உள்ளே போனதும் மாமா பாட ஆரம்பித்தார். அம்மாவின் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

நான்கு மணிக்கு மறுபடி மணி அடித்தது. சுன்சிட்சா போய் வெளிக் கதவைத் திறந்தாள். லுல்சிம் குளிரில் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட கோட்டு, கையில் ஒரு பை.

"காபித்தூளும் எங்கம்மா செஞ்ச பக்லாவா இனிப்பும். கூப்பிடலையேன்னு முதல்ல யோசிச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நீங்க யாரையும் கூப்பிட மாட்டீங்களே," என்றான். அவன் கண்ணெல்லாம் சிரிப்பு.

அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். இவன் உள்ளே வந்தால் மாமா எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள். அம்மா அந்தக் காலி மேஜைக்கு முன்னால் நிற்பாள்.

"இந்த வருஷம் நாங்க கொண்டாடல, லுல்சிம். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே மாமா பாட்டின் உச்சிக்குப் போனார். எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். லுல்சிம் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தான்.

"அம்மாவ நல்லா பார்த்துக்கோ," என்றான். பையை அவளிடம் நீட்டினான். "இதைப் புடி. இதைத் தூக்கிக்கிட்டு நான் பாலத்து வழியா திரும்பிப் போனா எங்க ஆளுங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

யார் வந்தது என்று உள்ளே கேட்டதற்கு, யாரோ வழி கேட்டார்கள் என்றாள். மாமா சிரித்தார். "இந்த ஊர்ல வழி கேக்க என்னம்மா இருக்கு?"

விருந்தாளிகள் போன பிறகு, சமையலறையில் பையைப் பார்த்து அம்மா கேட்டாள். சுன்சிட்சா மறைக்கவில்லை. தன்னால் வீட்டு மானம் தப்பியது, அம்மா நிம்மதிப் பெருமூச்சு விடுவாள் என்றுகூட நினைத்தாள். அம்மா கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"உள்ள கூப்பிடலையா?"

"எப்படிம்மா கூப்பிடுவேன்? மாமா எழுந்து போயிருப்பாரு. எல்லாரும் போயிருப்பாங்க."

"போகட்டும். போறது அவங்க பாடு. வந்தவன வாசல்லயே திருப்பி அனுப்பினது நம்ம வீடுல்ல?" அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவனப் புடிக்காது. ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஆனா தட்டு வெச்சிருப்பேன். உங்கப்பா இருந்தப்போ விறகு விக்கிற அந்தக் கரை இஸ்மெட் வருவான். அவனுக்குப் பன்னிக்கறி படாத சட்டியில தனியா பீன்ஸ் வேகவைப்பேன். மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் வைப்பேன். ஆனா வெச்சேன். ஆறு வாரம் போயி நீ என்னத்தடி கத்துக்கிட்டு வந்த?"

அம்மாவுக்காகச் செய்தேன் என்று சுன்சிட்சா அதுவரை தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி மறுபடி காபிக்கு வர வேண்டும், ரொட்டிக் கடையில் பேச்சு நிற்கக் கூடாது, அதற்காகத்தான் செய்தாள். அவமானத்தில் காது மடல் சுட்டது.

"நாளைக்கு ஸ்லாவாவோட ரெண்டாம் நாள். போய் அவனக் கூட்டிட்டு வா," என்றாள் அம்மா. "கூப்பிடுற வழக்கம் நமக்கில்ல. பரவால்ல, கூப்பிடு."

மறுநாள் காலை சுன்சிட்சா பாலத்தைத் தாண்டினாள். மூன்றாவது தெருவில் கதவைத் திறந்தது லுல்சிமின் அம்மா. படத்தில் பார்த்திருப்பாள் போல, சுன்சிட்சாவை உடனே அடையாளம் கண்டுகொண்டு, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். செர்பிய மொழி அந்த அம்மாளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

"வாம்மா, வா. நேத்து என் பையன அப்படி கவனிச்சீங்களாமே. போகாதடா, உள்ள விடமாட்டாங்கன்னு நான்தான் பயந்தேன். மூணு மணி நேரம் உட்கார வெச்சு அனுப்பியிருக்கீங்க. ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கே வந்தான். உங்கம்மா ரெண்டு தடவை தட்டை நிரப்பினாங்களாம். பக்லாவா நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்களாமே?"

அந்த அம்மாளுக்குப் பின்னால், நடையில், லுல்சிம் வந்து நின்றான். நேற்றைய குளிரில் அவன் மூக்கு சளி பிடித்துச் சிவந்திருந்தது. அவளையே பார்த்தான்.

"ஆமாங்க," என்றாள் சுன்சிட்சா. "ரொம்ப நல்லா இருந்துச்சு. எங்கம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."