பட்டியலில் விடுபட்டவர்

மண்டபத்தில் இன்னும் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் பொன்னாடையைப் பையில் சுருட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் டோர்செட் பார்க் பக்கம் நடந்தேன். ஊரில் போர் முடிந்த வருடம் அது. கடைசி மாதங்களில் போரை நிறுத்தச் சொல்லி இங்கே வீதி மறியலில் நின்றவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்ததற்காக எனக்கும் தொண்டர் விருது கிடைத்தது. அந்த நாட்களில் வேலைக்குப் போகாததால் தொழிற்சாலையில் என்னை வேலையைவிட்டு நிற்பாட்டியிருந்தார்கள். நான் ஒரு வருடம் நிலைத்த ஒரே வேலை அது.

பார்சல்களைச் சமைத்தது டோர்செட் பார்க்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த, எல்லோரும் அன்ரி என்று கூப்பிடும் ஒரு அம்மா. தொண்டர் பட்டியலை எழுதியவன் நான். வீதியில் நின்றவர்களை மட்டும் எழுதி, அடுப்படியில் நின்றவரை மறந்துவிட்டேன். தோளில் பொன்னாடை விழுந்தபோதுதான் அது உறைத்தது.

கடையில் அவர் தனியாகச் சோறு வடிக்கும் பெரிய கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடையை நீட்டினேன்.

"உங்களை எழுத மறந்திட்டன், அன்ரி. பிழை என்ரைதான்."

"உந்தப் பொன்னாடையைப் போத்துக்கொண்டு கொத்து ரொட்டி போடவே? கிடாரம் தேய்க்கிறவன் நேற்றோட வேலையால நிண்டிட்டான். உனக்கு இப்ப வேலை இருக்கே?"

"இல்லை."

"அப்ப விடிய ஆறு மணிக்கு வா. பிந்தினால் நானும் உன்னை எழுத மாட்டன்."

மறுநாள் ஆறு மணிக்கு முன்பே போனேன். பொன்னாடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. தேய்க்க எடுத்த முதல் கிடாரத்தில் சோறு அடிப்பிடித்திருந்தது.